ஸ்கிம்மர் திருகைத் தொடுமுன்: மலையூர் வாசகர்களின் கேள்விகள்

கடல்நீர் மீன் தொட்டி குறித்து இம்முறை வந்த கடிதங்களில் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்தவை அனைத்தும் புரோட்டீன் ஸ்கிம்மரைப் பற்றியே, அதாவது நீரில் குமிழிவிட்டுக் கழிவை நுரையாகக் கழுத்து வழியே மேலுள்ள கோப்பைக்கு ஏற்றிப் பிரிக்கும் கருவியைப் பற்றியே, இருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியுள்ளோம்.

கேள்வி: கோவையில் இருந்தவரை என் 300 லிட்டர் தொட்டியில் ஸ்கிம்மர் ஒழுங்காக வேலை செய்தது. பணி மாறுதலாகி ஊட்டிக்கு வந்த பிறகு அதே தொட்டி, அதே மீன்கள், அதே ஸ்கிம்மர் என்றாலும், இரண்டு நாளில் நுரை கழுத்துக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. குறைந்த நீரை ஊற்றி நிரப்பிய அன்று பொங்கிக் கோப்பை வழிகிறது. மலையில் காற்று லேசு என்பதால் பெரிய பம்ப் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். ஸ்கிம்மரும், நீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்பும், தொட்டிக்குக் கீழுள்ள துணைத் தொட்டியான சம்ப்பின் கடைசி அறையில் இருக்கின்றன. தினமும் திருகைத் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: புதிய பம்ப் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்தியில்தான், அதாவது ஸ்கிம்மர் ரிட்டர்ன் பம்போடு ஒரே அறையில் இருக்கிறது என்பதில்தான், பிரச்சினையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முதலில் காற்றைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றே கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் ஸ்கிம்மர் வேலை செய்வது குமிழியின் உள்ளே இருக்கும் காற்றின் எடையைக் கொண்டு அல்ல, குமிழியின் மேற்பரப்பைக் கொண்டு. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் கரையும் புரதங்களிலும் கொழுப்புகளிலும் ஒரு முனை நீரை நாடுகிறது, மற்றொரு முனை நீரை விலக்குகிறது. அப்படிப்பட்ட மூலக்கூறுகள் நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் ஒட்டிக்கொண்டு, குமிழியோடு மேலேறி, நுரையாகத் திரண்டு கோப்பைக்குள் விழுகின்றன. ஒரு மில்லிமீட்டர் குமிழிக்குத் தூத்துக்குடியிலும் ஊட்டியிலும் மேற்பரப்பு ஒன்றேதான். ஆகவே காற்று லேசாக இருப்பதால் நுரை ஏறவில்லை என்ற காரணம் நிற்காது.

காற்றழுத்தக் குறைவு உண்மையில் பாதிப்பது மீன்களின் மூச்சை. 25 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர், கடற்கரையூரில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே நீர் ஊட்டியில் ஏறத்தாழ 5.2 மில்லிகிராமோடு நின்றுவிடும். நீரைக் காற்றோடு கலக்கும் கருவிகளில் ஸ்கிம்மரும் முக்கியமான ஒன்று என்பதால், சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று இரவில் அதை அணைத்துவைக்கும் பழக்கத்தை மலையூர்க்காரர்கள் அறவே விட்டுவிட வேண்டும். செடிகளும் பாசிகளும் ஆக்சிஜனை வெளிவிடாமல் உள்ளிழுக்கும் நேரம் அது. கடையில் மீன் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லப்படும் கணக்குகள் சமவெளியை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். மேலே வாழ்கிறவர் மீனைக் குறைத்து விடுவதே நல்லது.

இனி உங்கள் நுரைக்கு வருவோம். தடுப்புச் சுவர்கள் உள்ள சம்ப்பில் நடு அறைகளின் நீர்மட்டத்தை அந்தச் சுவரின் உயரம் தீர்மானித்துவிடுவதால், நீர் ஆவியாகிக் குறைவது முழுவதும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் தெரியும். அந்த அறை 30 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உடையது என்று வைத்துக்கொண்டால், தொட்டி முழுவதிலுமிருந்து ஐந்து லிட்டர் நீர் ஆவியானதும் அங்கே மட்டம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். வெளியே மட்டம் இறங்க, ஸ்கிம்மரின் உள்ளேயும் நீர் ஏறத்தாழ அதே அளவு இறங்கும். நுரை கழுத்தை எட்டாது. நீங்கள் வாளியில் நீர் கொண்டுவந்து ஊற்றியதும் மட்டம் ஒரே மூச்சில் ஏறி, இடையில் நீங்கள் இறுக்கிவைத்த திருகும் சேர்ந்துகொண்டு, கோப்பை வழிகிறது. நீங்கள் திருப்பியது திருகை, மாறிக்கொண்டிருந்தது சம்ப்.

கோவையில் இது ஏன் நடக்கவில்லை என்று கேட்பீர்கள். மூடுபனி சூழ்ந்த ஊரில் நீர் எங்கே ஆவியாகப் போகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் நடப்பது நேர்மாறானது. காற்று குளிரக் குளிர அதனால் தாங்க முடிகிற நீராவி குறைகிறது. 12 டிகிரிக் காற்று ஈரத்தால் முழுக்க நிறைந்திருந்தாலும், அதிலுள்ள நீராவியின் அழுத்தம் 25 டிகிரி நீரின் மேற்பரப்பில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. எனவே வெளியே பனி கொட்டும் இரவிலும், ஹீட்டர் சூடேற்றிவைத்த உங்கள் தொட்டி நிற்காமல் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். உறைபனி விழும் வறண்ட ஜனவரி இரவுகளில் இன்னும் வேகமாக விடும். கூடத்து ஜன்னல் கண்ணாடியில் காலையில் வழியும் நீரில் ஒரு பகுதி உங்கள் சம்ப்பிலிருந்து போனதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: ஸ்கிம்மரை மட்டம் மாறாத நடு அறைக்கு மாற்றுங்கள். உங்கள் ஸ்கிம்மரின் கையேட்டில் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் அது நிற்க வேண்டும் என்று இருக்கும். அறையின் ஆழம் அதைவிட அதிகமானால் அடியில் அக்ரிலிக் பலகை அல்லது பி.வி.சி. குழாய்த் துண்டுகளால் ஒரு மேடை வைத்து உயர்த்துங்கள். ஆழம் கூடினால் உள்ளே மட்டம் உயர்வதோடு, பம்ப் இழுக்கும் காற்றும் குறையும் என்பதால் இந்த அளவை அலட்சியப்படுத்தக் கூடாது. நடு அறையில் இடமில்லை என்றால், மிதவை சுவிட்சுடன் கூடிய தானியங்கி நீர் நிரப்பி ஒன்றைக் கடைசி அறைக்கு வையுங்கள். அதில் ஊற்றுவது ஆர்.ஓ. நீராக இருக்க வேண்டும், உப்புநீராக அல்ல. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே.

மட்டம் நிலைத்த பிறகே திருகு. காற்று வரும் குழாயின் வால்வை முழுவதும் திறந்துவிட்டு, அதை மறந்துவிடுங்கள். நீர் வெளியேறும் கேட் வால்வையும் முதலில் முழுவதும் திறந்து, உள்ளே மட்டம் தாழ்ந்திருக்கும்படி ஒரு நாள் ஓடவிடுங்கள். பிறகு சிறிது சிறிதாக மூடிக்கொண்டு வந்தால், குமிழிகள் வெள்ளையாகக் குமுறும் நீர்ப்பகுதிக்கும் அதற்கு மேல் கெட்டியாகத் திரளும் நுரைக்கும் இடையே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு, அகன்ற உடல் சுருங்கிக் கழுத்தாகும் இடத்தில் நிற்கும்போது கையை எடுத்துவிடுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் வந்து பாருங்கள். இன்னும் வேண்டுமானால் திருகில் எட்டில் ஒரு பங்குச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். புதிதாக வாங்கிய ஸ்கிம்மராக இருந்தால், அக்ரிலிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கி நுரை ஒழுங்குக்கு வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அதுவரை எந்தத் திருகும் பயன் தராது.

திருகு சரியாக இருந்தும் நுரை திடீரென்று படுத்துவிடும் நாட்கள் உண்டு. எண்ணெய் நுரையைக் கொல்லும். கொழுப்புள்ள தீனி போட்ட பின் சில மணி நேரம் நுரை இறங்கியிருப்பது வழக்கம், தானாக மீளும். நம் ஊருக்கென்றே உரிய இன்னொரு காரணம் நீலகிரித் தைலம். சளிக்கு மார்பில் தேய்த்த கையோடும், பனி வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடும் தொட்டிக்குள் பாறையை நகர்த்தினால், விரல் நுனிப் பிசுக்கு போதும், கழுத்து வரை நின்ற நுரை பாலாடை கலைந்தாற்போல் உடைந்து இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்காகக் கையைச் சோப்பால் கழுவிவிட்டு அரைகுறையாக அலசிக்கொண்டு வந்தால் விளைவு எதிர்த் திசையில் போகும்: கோப்பை பொங்கி வழியும், மீனுக்கும் கேடு. வெந்நீரில் நன்றாக அலசிய, ஈரம் துடைத்த கைதான் சரி. கழுத்தின் உட்புறத்தில் படியும் பழுப்புப் படலமும் நுரையை ஏறவிடாது. வாரத்துக்கு ஒருமுறையேனும் கோப்பையைக் கழற்றி, கழுத்தை வெறும் நீரில் துணியால் துடையுங்கள்.

உப்பின் அளவையும் ஒருமுறை சரிபாருங்கள். நீர் வேண்டிய உப்பை இழந்திருந்தால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, நுரை நிற்காது. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்களில் பெரும்பாலானவை வெப்ப வேறுபாட்டைத் தாமே சரிசெய்துகொள்ளும் எல்லை 10 முதல் 30 டிகிரி வரைதான். டிசம்பர் விடியற்காலையில் சூடேற்றாத அறையில் கிடந்த கருவி அந்த எல்லைக்குக் கீழே போயிருக்கும். பகலில், அறை சற்று வெதுவெதுப்பான பிறகு, கண்ணாடி மீது சொட்டு விட்டு அரை நிமிடமாவது பொறுத்து அளவிடுங்கள். உப்பின் அளவு 35 என்று குறித்த மாதிரி நீரை வைத்துக் கருவியைச் சரிபார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

கேள்வி: மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவதும் வருவதும் இங்கே வழக்கம். மின்சாரம் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஸ்கிம்மர் கோப்பையில் தெளிந்த நீர் நிறைந்து தரையில் கொட்டுகிறது. சில நாள் அதற்கு மாறாக, நுரையே வராமல் பம்ப் கரகரக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: இரண்டு வெவ்வேறு காரணங்கள். மின்சாரம் போனதும் ரிட்டர்ன் பம்ப் நின்று, மேல் தொட்டியின் நீரில் ஒரு பகுதி குழாய் வழியாக வடிந்து சம்ப்பில் சேர்கிறது. மின்சாரம் வந்தவுடன் எல்லாம் ஒரே கணத்தில் ஓடத் தொடங்குவதால், ரிட்டர்ன் பம்ப் அந்த நீரை மேலே ஏற்றி முடிக்கும் முன், ஸ்கிம்மர் தனக்குரியதைவிட ஆழமான நீரில் நின்றுகொண்டு குமிழியடிக்கிறது. அந்தச் சில நிமிடங்களில்தான் உங்கள் தரை நனைகிறது. ஸ்கிம்மர் மட்டும் தாமதமாகத் தொடங்கினால் போதும். இதற்கென்று விற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் விலை கூடுதல். மின்சாரம் வந்த பிறகு சில நிமிடம் பொறுத்து இணைப்புக் கொடுக்கும் வகை ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தால், ஸ்கிம்மர் பம்பை அதன் வழியாக இணைத்துவிடுங்கள், அதே வேலை நடக்கும். கோப்பையின் அடியில் வடிகுழாய்க்கு இடம் இருந்தால், குழாய் மாட்டி ஒரு மூடிய கேனுக்குள் விடுவது இரண்டாவது காப்பு. கேனின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை வேண்டும், இல்லாவிட்டால் கோப்பை வடியாது.

கரகரக்கும் நாட்களில் பம்பின் சுழலி எதிர்த் திசையில் சுற்றுகிறது என்று கொள்ளலாம். விலை குறைந்த ஏ.சி. பம்புகள் சில, எந்தப் பக்கம் தொடங்குகின்றனவோ அந்தப் பக்கமே சுற்றும் இயல்புடையவை. எதிர்த் திசையில் சுற்றினால் காற்று இழுப்பு கெட்டுப்போகும். ஒருமுறை அணைத்து, பத்து எண்ணி, மீண்டும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடிக்கடி அப்படி ஆகிறதென்றால் சுழலியில் சுண்ணாம்பு படிந்திருக்கும். பம்பைக் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைத்த நீரிலோ ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள். காற்றுக் குழாய் பம்பில் சேரும் முனையிலும் உப்புப் பூத்து அடைத்திருக்கும். காற்றுக் குழாயின் நுனியை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரில் சில நொடி தோய்த்தால் பம்ப் அந்த நீரை உறிஞ்ச, அடைப்பு கரைந்து போகும்.

நெடுநேரம் மின்சாரம் இல்லாத நாளில் இன்வெர்ட்டரை ஸ்கிம்மருக்குச் செலவிடாதீர்கள். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பும், தொட்டியைச் சுற்றிப் போர்த்திய கம்பளியும் அந்த நேரத்தில் அதிகம் உதவும்.

கேள்வி: குளிருக்காக ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறோம், மாலையில் கணப்பும் உண்டு. தொட்டியின் பி.எச். காலையில் 7.8-க்கு இறங்குகிறது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொல்கிறார்கள். பனிக்காற்று உள்ளே போனால் நீர் குளிர்ந்துவிடாதா?
— வாசகி, குன்னூர்

பதில்: யோசனை சரியானது, ஆனால் செய்வதற்கு முன் காரணம் அதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தொட்டி நீரை வாசலுக்கு எடுத்துச் சென்று, சிறிய காற்றுப் பம்பால் ஒரு மணி நேரம் குமிழிவிட்டு, பி.எச். அளவிடுங்கள். நன்றாக உயர்ந்தால், மூடிய அறையில் மூச்சாலும் அடுப்பாலும் சேர்ந்த கரியமில வாயுவைத்தான் ஸ்கிம்மர் இழுத்து நீரில் கரைக்கிறது என்று பொருள். உயரவில்லை என்றால் நீரின் காரத்தன்மை குறைந்திருக்கலாம். ஆல்கலினிட்டி (காரத்தன்மை) சோதனையில் 8 dKH-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், குழாய் பயன்படாது.

குளிர்ச்சியைப் பற்றிக் கவலை வேண்டாம். மணிக்கு 600 லிட்டர் காற்றை 10 டிகிரியில் இழுத்தாலும், அதைச் சூடேற்றவும் அதில் ஏறும் ஈரத்துக்கும் சேர்த்து நீர் இழக்கும் வெப்பம் 10 வாட்டுக்கும் குறைவு. உங்கள் ஹீட்டருக்கு அது பொருட்டே அல்ல. மூடுபனி வெறும் நீர்த்துளிதான், அதனாலும் தீங்கில்லை. கவனிக்க வேண்டியவை வேறு. குழாய் நீளும்போது காற்று இழுப்பு குறையும் என்பதால், ஸ்கிம்மரோடு வந்ததைவிட அகலமான குழாயை வாங்குங்கள். வெளிமுனை கீழ்நோக்கி இருக்கட்டும், பூச்சி புகாமல் ஒரு சல்லடைத் துணி கட்டுங்கள். குழாய் மாற்றியதும் நுரையின் உயரம் மாறும் என்பதால் திருகை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டமோ காய்கறித் தோட்டமோ இருந்தால், மருந்தடிக்கும் நாளில் குழாயை உள்ளே இழுத்துவிடுங்கள். இறால்களும் நண்டுகளும் பூச்சிக்கொல்லிக்கு மீன்களைவிட வேகமாக மடியும். புகைபோக்கிக்கு அருகிலும் குழாய் வேண்டாம்.

கணப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்துக்கொள்வது மீனைவிட முன்னதாக மனிதருக்கே ஆபத்து. புகைபோக்கி இல்லாத கணப்பு எதுவானாலும் படுக்கும் முன் அணைத்து, ஒரு ஜன்னலையாவது விரல் கடை அளவு திறந்துவையுங்கள், பி.எச். ஓரளவு அதிலேயே சரியாகலாம்.

கேள்வி: என் நன்னீர்த் தொட்டியில் தங்கமீன்கள் நீரை மிகவும் அழுக்காக்குகின்றன. ஒரு சிறிய ஸ்கிம்மர் வைக்கலாமா?
— வாசகர், கூடலூர்

பதில்: வீட்டுத் தொட்டிக்கான ஸ்கிம்மர் நன்னீரில் வேலை செய்யாது. உப்பில்லாத நீரில் நுண்குமிழிகள் உடனுக்குடன் ஒன்றுசேர்ந்து பெரிதாகி வெடித்துவிடும். அந்தப் பணத்துக்குப் பெரிய ஃபில்டர் வாங்குங்கள், வாரந்தோறும் நீர் மாற்றுங்கள்.

கேள்வி: என் கோப்பையில் வாரம் முழுவதும் சேர்வது கருப்பாக, கெட்டியாக, இரண்டு விரல் உயரம்தான். நண்பருடைய கோப்பை மூன்று நாளில் நிறைந்துவிடுகிறது. என்னுடையது பழுதா? சேர்ந்ததை எங்கே ஊற்றுவது?
— வாசகர், கோத்தகிரி

பதில்: பழுதில்லை. உள்மட்டத்தைத் தாழ்த்தி வைத்தால் நுரை கழுத்தில் ஏறும் வழியில் நீரை வடித்துவிட்டுக் கெட்டியாக, கருப்பாக வரும். உயர்த்தி வைத்தால் பால் விடாத தேநீரின் நிறத்தில் நீர்த்து, அளவில் கூடுதலாக வரும். இரண்டாவது வகையில் வெளியேறும் கழிவு மொத்தத்தில் சற்று அதிகம் என்றாலும், அதோடு உப்புநீரும் போவதால், ஆர்.ஓ. நீரால் மட்டுமே நிரப்பிக்கொண்டிருந்தால் தொட்டியின் உப்பு மெல்ல இறங்கிவரும். நண்பரை அடிக்கடி உப்பு அளக்கச் சொல்லுங்கள். மீன் குறைவாக உள்ள தொட்டிக்கு உங்கள் வகை போதுமானது. தொட்டியின் கொள்ளளவைப் போல் மும்மடங்குக்கு என்று எழுதிய ஸ்கிம்மரை வாங்கி மாட்டியவர்களுக்கும் இப்படித்தான் சேரும். அவ்வளவு பெரிய கழுத்தை நிரப்பும் அளவுக்கு நீரில் கழிவு இருக்காது. எங்கள் கருத்தில், மீனுக்கு ஏற்ற அளவில் சிறிய ஸ்கிம்மர் சீராக ஓடுவது, பெரியது விட்டு விட்டு நுரைப்பதைவிட மேலானது.

ஊற்ற வேண்டிய இடம் கழிப்பறைதான். உரமாகுமே என்று தோட்டத்தில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் கழிவோடு கடல்நீரின் உப்பும் இருக்கிறது. ஹைட்ராஞ்சியா இலைகளின் ஓரம் சில வாரத்தில் கருகத் தொடங்கும். ஊற்றிய பிறகு கோப்பையை வெறும் நீரில் மட்டும் கழுவுங்கள். பாத்திரச் சோப்பு அருகிலேயே வரக் கூடாது.